ஆறு ஏரிகளின் அடிச்சேறு: மேற்கு டாஸ்மேனியாவில் ஓர் உலோகத் தடம்

டாஸ்மேனியாத் தீவின் தென்மேற்கு மூலையில், மேற்கு ஆர்தர் மலைத்தொடரில் சிக்னஸ் என்றொரு ஏரி இருக்கிறது. அதற்குச் சாலை கிடையாது. கூடாரத்தையும் சாப்பாட்டையும் முதுகில் சுமந்து, சதுப்புப் புல்வெளியில் கால் புதையப் புதைய நடந்து, பெரும்பாலானோர் இரண்டாம் நாள்தான் போய்ச் சேருகிறார்கள். பனியாறு குடைந்துவிட்டுப் போன பாறைக் கிண்ணம், அதில் தேநீர் நிறத்தில் கறுத்துக் கிடக்கும் தண்ணீர். பக்கத்தில் வீடு இல்லை, வயல் இல்லை, ஆலை இல்லை. 1982-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காட்டுப் பகுதிக்குள் அது இருக்கிறது.

அந்த ஏரியின் அடிச்சேற்றிலும், மேலடுக்குகளில், ஈயமும் தாமிரமும் ஆர்சனிக்கும் காட்மியமும் இயற்கையாக இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருக்கின்றன. அள்ளிக் கொட்டியதுபோல் இல்லை, கொஞ்சம்தான். ஆனால் அங்கே அது வந்து சேர எந்த ஓடையும் இல்லை. தாமிரச் சுரங்க நகரமான குயின்ஸ்டவுன் வடக்கு வடமேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், பல மலைத்தொடர்களுக்கு அப்பால் இருக்கிறது.

இந்த உலோகம் எங்கிருந்து, எப்போது, எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்த கதைதான் இந்தக் கட்டுரை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் லாரிசா ஷ்னைடரும் அவருடைய குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆறு ஏரிகளின் ஒப்பீடும், கிறிஸ்டன் பெக் முதன்மை ஆசிரியராக 2020-இல் வெளிவந்த ஒரே ஏரியின் நுணுக்கமான ஆய்வும் இதற்கு அடிப்படை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படமும் கிடைக்கிறது என்பது என் அனுபவம். முதலாவது எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இரண்டாவது எவ்வளவு ஆழம் என்று சொல்கிறது.

கந்தகமே விறகானபோது

மேற்குக் கரை மலைகளுக்கு 1862-இல் பெயர் வைத்தவர் சார்லஸ் கூல்ட் என்ற நிலவியலாளர். அப்போது டார்வினின் கொள்கை பற்றிய சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தது. கூல்ட் அந்தச் சண்டையையே மலைகளில் எழுதிவைத்தார்: எதிர்த்த ஓவன், செட்ஜ்விக் ஒரு பக்கம், டார்வினும் அவரோடு நின்ற ஹக்ஸ்லி, லயல் மறுபக்கம். பூமியின் அடுக்குகளைப் புத்தகம்போல் வாசிக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் சார்லஸ் லயல். அவர் பெயர் கொண்ட மலையிலிருந்து கிளம்பியதுதான் இன்று ஏரி அடுக்குகளில் வாசிக்கப்படுகிறது.

லயல் மலைச் சரிவில் 1883-இல் தங்கம் கிடைத்தது. தங்கம் விரைவிலேயே சுருங்கிப்போனது. அடியில் இருந்த தாமிரம்தான் உண்மையான செல்வம் என்று தெரிந்தபின், அமெரிக்க உலோகவியலாளர் ராபர்ட் ஸ்டிக்ட் வந்தார். 1896-இல் உலை எரியத் தொடங்கியது.

ஸ்டிக்ட் செய்ததைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாசின் முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. லயல் தாதுவில் தாமிரம் குறைவு, இரும்பு பைரைட் மிக அதிகம். பைரைட் என்றால் இரும்பும் கந்தகமும். வழக்கமாகத் தாதுவை உருக்கக் கல்கரி, அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள், வேண்டும். இந்த மூலைக்குக் கல்கரி கப்பலில் வர வேண்டும், செலவு கட்டாது. ஸ்டிக்ட் தாதுவில் உள்ள கந்தகத்தையும் இரும்பையும் எரியவிட்டு, அந்தச் சூட்டிலேயே தாதுவை உருக்கினார். பைரைட் உருக்கு முறை என்று இதற்குப் பெயர். 1900-களின் தொடக்கத்தில் கல்கரி ஏறத்தாழத் தேவையே இல்லை என்ற அளவுக்கு அதை அவர் கொண்டுபோனார். உலோகவியல் உலகம் வியந்து பாராட்டியது.

ஆனால் கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு. அது விபத்தாகக் கசிந்த புகை இல்லை, உலையின் எரிபொருள் விட்ட மூச்சு. உற்பத்தி கூடக் கூட அதுவும் கூடியே தீரும். அந்தப் புகையோடு உலோகங்களும் போயின. ஆர்சனிக், காட்மியம், ஈயம் மூன்றும் உலைச் சூட்டில் ஆவியாகக்கூடியவை. புகைபோக்கியைத் தாண்டிக் குளிர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களின் மேல் படிந்துகொள்ளும். அவ்வளவு சின்னத் துகள் சட்டென்று கீழே விழாது, காற்றோடு நாள்கணக்கில் போகும். தாமிரம் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அது பெரும்பாலும் தூசாகப் பறக்கும், அருகிலேயே அதிகம் விழும்.

காற்றோ இங்கே சும்மா இருப்பதில்லை. தெற்கு அட்சரேகை 40-க்குக் கீழே மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றை மாலுமிகள் ‘உறுமும் நாற்பதுகள்’ என்பார்கள். குயின்ஸ்டவுன் 42-ஆவது பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை. காற்று எடுத்துப் போவதை மழை இறக்கிவைக்கும்.

முதலில் போனது மண்

1896-க்கும் 1923-க்கும் இடையே உலைகளுக்காகச் சுற்றுக் காடுகளில் வெட்டப்பட்ட மரம் சுமார் 30 லட்சம் டன் என்று கணக்கு. வெட்டியதுபோக மிச்சம் நின்றதைக் கந்தகப் புகை கருக்கியது. காய்ந்துபோன தழையில் தீப் பிடித்தது, அடிக்கடி பிடித்தது. வேர் செத்தபின் மண்ணைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அந்த மழை, அந்தச் சரிவு: மேல்மண் முழுக்க இறங்கிவிட்டது. கீழே இருந்த இளஞ்சிவப்புப் பாறை வெளியே தெரிந்தது. குயின்ஸ்டவுனைப் படத்தில் பார்த்தவர்கள் நிலாவின் தரை என்று சொல்வது இதைத்தான். உலையின் நெருப்பு 1969-இல் அணைந்தும் அந்தக் குன்றுகளில் பச்சை மெல்லத்தான் திரும்புகிறது.

இந்த மேற்கு டாஸ்மேனிய மண் ஒரு தனி வகை. பாறையின் மேல் கறுத்து, ஈரம் ஊறிக் கிடக்கும் கரிமண். மக்கிய தாவரம்தான் அதன் உடம்பு. புளிப்புத் தன்மை உடையது, சத்து குறைந்தது. பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதால் கால்சியம் மிகச் சொற்பம். இப்படிப்பட்ட கரிமண் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், குறிப்பாக ஈயத்தை. ஆக, காற்றில் வந்து மண்ணில் விழுந்த உலோகம் அங்கேயே தங்கியிருக்கும். மண் இருக்கும்வரை.

இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. ஏரிச்சேற்றில் கிடக்கும் ஒரு துளி ஈயம் நேராக வானத்திலிருந்து விழுந்திருக்கலாம். அல்லது முதலில் மலைச்சரிவின் மண்ணில் விழுந்து, பல ஆண்டு கிடந்து, மண் கரைந்து ஓடியபோது ஏரிக்குள் வந்திருக்கலாம். இரண்டும் சேற்றில் ஒன்றுபோலவே தெரியும். ஏரியை மட்டும் பார்த்து, அதைச் சுற்றிய மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் விட்டால் தப்பான ஆண்டைச் சொல்லிவிடுவோம்.

சேற்றை எப்படி வாசிப்பது

படகிலிருந்து ஒரு குழாயை நேராக அடிச்சேற்றில் இறக்கி, கலங்காமல் உருவி எடுப்பார்கள். கையில் வருவது ஒரு மண் உருளை. கீழ்முனை பழையது, மேல்முனை நேற்றையது. மலை ஏரிகளில் ஆண்டுக்குப் படிவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒரு விரல் பருமனில் பல பத்தாண்டுகள் அடங்கியிருக்கும். மெல்லிய வில்லைகளாக அறுத்து ஒவ்வொன்றையும் தனியே அளக்க வேண்டும்.

வயதைச் சொல்வது ஈயத்தின் ஒரு வகைதான் என்பது இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். நிலத்திலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடான் என்ற வாயுவாகிறது. வாயு என்பதால் மண்ணிலிருந்து வெளியேறிக் காற்றில் கலக்கும். அங்கே மேலும் சிதைந்து ஈயம்-210 ஆகி, மழையோடு ஏரியில் விழும். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 22 ஆண்டுகள். அதாவது 22 ஆண்டில் பாதி, 44 ஆண்டில் கால், இப்படிக் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் அந்த வில்லை எப்போது படிந்தது என்று தெரியும். சுமார் 150 ஆண்டுகள் வரை கணக்கு செல்லுபடியாகும். சுரங்கத்தின் வயதும் கிட்டத்தட்ட அதற்குள்தான் அடங்குகிறது. அதற்கு முந்தைய அடுக்குகளுக்கு, இன்னும் மெதுவாகச் சிதையும் கார்பன்-14.

அடுத்த கேள்வி, எவ்வளவு இருந்தால் மாசு? இந்த மலைகளே தாதுப் பட்டையின் மேல் இருப்பவை. பாறையிலேயே தாமிரமும் ஈயமும் உண்டு. ‘ஐயா, இது எங்கள் பாறையில் இயற்கையாகவே இருப்பது’ என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பதில் வேண்டும். பதிலை அதே உருளையின் அடிப்பகுதி தருகிறது. 1880-க்கு முந்தைய சேறு அந்த ஏரியின் சொந்த இயல்பு. அதே பாறை, அதே சரிவு, சுரங்கம் மட்டும் இல்லை. ஒவ்வோர் உலோகத்தையும் பாறைத்தூள் எவ்வளவு வந்தது என்று காட்டும் டைட்டானியம் போன்ற தனிமத்தோடு விகிதம் பார்த்து, மேலடுக்கின் விகிதத்தை அடியடுக்கின் விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது செறிவுக் காரணி. 1 என்றால் மாற்றம் இல்லை. பாறைத்தூள் மட்டும் கூடுதலாக வந்திருந்தால் தாமிரமும் டைட்டானியமும் சேர்ந்தே ஏறியிருக்கும், காரணி 1-ஐ ஒட்டியே நிற்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. குழம்பில் போட்ட உப்பு அதே அளவுதான், ஆனால் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கரிப்பு குறையும். அதுபோல, மண் அரித்து வந்து ஏரியில் கொட்டும்போது சேறு வேகமாகச் சேரும், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண் குறையும். மாசு குறைந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அந்த ஆண்டு விழுந்த மொத்த உலோகம் கூடியிருக்கலாம். குயின்ஸ்டவுன் போன்று மண்ணே கரைந்தோடிய இடத்தில் இதை மறந்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

ஆறு ஏரிகள், ஒரே வரிசை

ஷ்னைடர் குழு எடுத்துக்கொண்ட ஏரிகள்: குயின்ஸ்டவுனை ஒட்டிய ஓவன் மலையில் உள்ள ஓவன் டார்ன், அதே மலைத்தொடரில் கொஞ்சம் வடக்கே பேசின் ஏரி, தெற்கே கார்டன் ஆற்றுப் பக்கம் பெர்ச்டு ஏரி, வடகிழக்கே கிரேடில் மலை அடிவாரத்தில் டவ் ஏரி, தென்கிழக்கே ஃபீல்ட் மலையில் டாப்சன் ஏரி, அப்புறம் நாம் தொடங்கிய சிக்னஸ். டவ் ஏரியை டாஸ்மேனியாவின் அஞ்சலட்டைகளில் பலர் பார்த்திருப்பார்கள். கண்ணாடி போன்ற நீர், பின்னால் பல்வரிசை மாதிரி மலை.

உலோகச் செறிவு இந்த வரிசையில் இறங்கியது: ஓவன் டார்ன், பேசின், பெர்ச்டு, டவ், டாப்சன், சிக்னஸ். சுரங்கத்தை ஒட்டிய இரண்டில் உச்சம், 100 கிலோமீட்டரைத் தாண்டிய இரண்டில் அடிமட்டம். ஈயம், தாமிரம், ஆர்சனிக், காட்மியம் ஆகிய நான்குக்கும் செறிவுக் காரணி ஆறு ஏரிகளிலும் 1-ஐத் தாண்டியது. முதல் இரண்டு ஏரிகளில் தாமிரத்துக்கும் ஈயத்துக்கும் அது 90-ஐயும் தாண்டியது. தொண்ணூறு மடங்கு. அந்த எண்ணைப் படித்தபோது அச்சுப்பிழையோ என்று திரும்பப் பார்த்தேன்.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வழிகாட்டுதலில் ஏரிச்சேற்றுக்கு இரண்டு கோடுகள் உண்டு. ஈயத்துக்குக் கீழ்க்கோடு கிலோவுக்கு 50 மில்லிகிராம், மேல்கோடு 220. தாமிரத்துக்கு 65, 270. கீழ்க்கோட்டைத் தாண்டினால் உயிர்களுக்குத் தீங்கு வரலாம், கவனி என்று பொருள். மேல்கோட்டைத் தாண்டினால் தீங்கு பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சுரங்கத்தை ஒட்டிய ஏரிகளில் ஈயம் மேல்கோட்டையே தாண்டியிருந்தது.

தூரம் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடுமா? நேர்க்கோட்டில் அளந்தால் பெர்ச்டு ஏரியும் டவ் ஏரியும் குயின்ஸ்டவுனிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம், தலா ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். ஆனால் பெர்ச்டில் மாசு கூடுதல். இதற்குத்தான் காற்றைக் கேட்க வேண்டியிருந்தது. ஹிஸ்பிளிட் என்ற கணினி மாதிரியில் ஓர் இடத்தில் துகளை விட்டால், பதிவான காற்றுத் தரவுகளை வைத்து அது எங்கெங்கே போகும் என்று பாதை வரையலாம். அந்தப் பாதைகளும் சேற்றின் எண்களும் ஒத்துப்போயின. மாசு தீவின் மேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி, மரபுரிமைக் காட்டின் மேலேயே பரவியிருந்தது. 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தக் காட்டுக்கு வரைபடத்தில் எல்லை போட்டபோது உலை அணைந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. துகள்கள் எல்லாம் அதற்கு முன்பே இறங்கிவிட்டன.

சந்தேகத்துக்குரிய வேறு ஆளும் உண்டு: பெட்ரோல். 20-ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள், ஆஸ்திரேலியாவில் 2002-இல்தான் முற்றிலும் நின்றது. தொலைவு ஏரிகளில் உள்ள ஈயத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வந்திருக்கலாம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பெட்ரோல் தாமிரத்தைக் கொண்டுவராது, ஆர்சனிக்கையும் கொண்டுவராது. ஹோபார்ட்டிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் கார் வரும் சாலையே 1932-இல்தான் திறந்தது. பெட்ரோல் குற்றவாளி என்றால் பெரிய நகரமான ஹோபார்ட்டுக்கு நெருங்க நெருங்க ஈயம் ஏற வேண்டும். ஆறு ஏரிகளில் ஹோபார்ட்டுக்கு மிக அருகில் இருப்பது டாப்சன். அது கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கிறது.

ஈயத்தைப் பொறுத்தவரை லயல் மலையை மட்டும் கூண்டில் நிறுத்துவதும் சரியில்லை. குயின்ஸ்டவுனுக்கு வடக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ரோஸ்பெரி இருக்கிறது, 1936 முதல் ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் ஊர். வடமேற்கே சீஹான், 1890-களில் வெள்ளி-ஈயத்தால் கொழித்த ஊர். அங்கும் உருக்காலை எரிந்தது. லயல் தாது முதன்மையாகத் தாமிரத் தாது. ஆகவே தாமிரத்தின் தடத்தை லயலோடு சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஈயத்தின் தடத்தை மேற்குக் கரைச் சுரங்கங்கள் எல்லாவற்றின் கூட்டுக் கணக்காகவே எழுதுவேன். ஈயத்தின் சிதையாத வகைகளில் (ஐசோடோப்புகளில்) 206, 207, 208 ஆகியவற்றின் விகிதம் ஒவ்வொரு தாதுப் படிவுக்கும் ஒவ்வொரு மாதிரி. பங்கு பிரிக்க அந்த ரேகை பார்க்கும் வேலை மிகவும் பயன்படும்.

ஏன் 1930?

எனக்கு இந்த வழக்கில் தூக்கத்தைக் கெடுத்தது இந்தக் கேள்விதான். பைரைட் உருக்கு முறை உச்சத்தில் இருந்தது 1900-களின் தொடக்கத்தில். 1922-இல் அது நின்றுபோய், தாதுவை மாவாக அரைத்து நுரையில் மிதக்கவிட்டுத் தாமிரத்தைப் பிரிக்கும் மிதப்பு முறை வந்தது. அதன்பின் உலைக்குப் போன கந்தகம் குறைந்தது. அப்படியானால் சேற்றில் உச்சம் 1900-ஐ ஒட்டி வர வேண்டும். வந்ததோ 1930-ஐ ஒட்டி. உலோகமும் கூடியது, சேறு படியும் வேகமும் கூடியது.

1930-களில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, லயலில் திறந்தவெளிச் சுரங்கம். மலையையே பெரிய அளவில் வெடிவைத்துப் பிளந்து எடுத்தார்கள். மேற்காற்று அடிக்கும் உயரத்தில், திறந்த வெளியில், தாதுத் தூசு. இரண்டு, புதிய கருவிகளால் அள்ளும் அளவே பல மடங்கு கூடியது. ஷ்னைடர் குழு இந்த மாற்றங்களோடுதான் உச்சத்தைச் சேர்க்கிறது. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் மூன்றாவதாக மண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1896 முதல் முப்பது ஆண்டுகள் கரிமண்ணில் விழுந்து சேர்ந்த உலோகம், மரமும் வேரும் போனபின் மண்ணோடு சேர்ந்து இறங்கியிருக்கும். உலை 1900-இல் எழுதிய கடிதம் 1930-இல் ஏரிக்குக் கிடைத்திருக்கலாம். அருகிலுள்ள ஏரிகளுக்கு இது பொருந்தும். சரிவில் மண் கெடாமல் நிற்கும் சிக்னஸ் போன்ற ஏரிகளுக்குப் பொருந்தாது. அங்கே வந்தது காற்றில் வந்ததுதான்.

ஓவன் டார்ன்

டார்ன் என்றால் பனியாறு குடைந்த குழியில் தேங்கிய சிறு மலை ஏரி. பெக் குழு இதை மட்டும் எடுத்து, உலோகத்தோடு மகரந்தம், கரித்துகள், டயட்டம் எல்லாவற்றையும் ஒரே உருளையில் எண்ணியது. டயட்டம் என்பது கண்ணாடி ஓடு கட்டிக்கொண்டு வாழும் ஒற்றைச்செல் பாசி. செத்தபின்னும் ஓடு மக்காது. எந்த இனம் இருந்தது என்று பார்த்தால் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அடியில், சுரங்கத்துக்கு முந்தைய சேற்றில், மெதுவான படிவு, அரிதான தீ, செழித்த தாவரம். வெளிச்சம் போதுமான அளவு இறங்கும், சத்து குறைந்த, கறுப்புத் தண்ணீர் ஏரி. பல ஆயிரம் ஆண்டுகளாக மேற்கு டாஸ்மேனிய ஏரிகள் இருந்த விதம் அது. அடுத்து சுரங்கம் தலையெடுத்ததும் கரித்துகள் ஏறுகிறது. மலை எரிகிறது. தாவரம் இறங்குகிறது, சேறு வேகமாகச் சேருகிறது, தண்ணீர் கலங்கி வெளிச்சம் குறைகிறது. 1930-களில் ஈயம், தாமிரம், கோபால்ட் மூன்றும் உச்சம். அந்த அடுக்கில் முன்னுக்கு வந்த டயட்டம்களில் ஒன்று ஹான்ட்சியா ஆம்ஃபியாக்சிஸ். இது ஈர மண்ணிலும் வாழப் பழகிய இனம். ஏரியின் நடுச்சேற்றில் அது குவிந்து கிடக்கிறது என்றால், கரையின் மண் ஏரிக்குள் வந்துகொண்டிருந்தது என்று நான் வாசிக்கிறேன். மண் அரிப்பைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

நான்காவது கட்டம்தான் என்னை மிகவும் வருத்தியது. லயல் சுரங்கத்தை நடத்திவந்த பழைய நிறுவனம் 1994-இல் அதை மூடியது. ஏரி மீண்டு வரும் என்று எதிர்பார்ப்போம். உலோகம் உச்சத்திலிருந்து இறங்கத்தான் செய்தது. ஆனால் கால்சியம் சுரங்கத்துக்கு முன் இருந்ததைவிடவும் கீழே போய்விட்டது. பழைய டயட்டம் கூட்டம் திரும்பவில்லை, புதிய கூட்டம் ஒன்று வந்தது. அதிலும் சில ஓடுகள் கோணலாக, நெளிந்து, உருக்குலைந்து இருந்தன.

கால்சியம் ஏன் போனது? அமில மழை மண்ணில் விழும்போது அங்கே ஒட்டியிருக்கும் கால்சியத்தைப் பெயர்த்து நீரோடு அனுப்பிவிடும். சில காலம் ஏரிக்குக் கூடுதலாகக்கூடக் கிடைக்கும். பின்பு சேமிப்பு தீர்ந்துவிடும். சுண்ணாம்புப் பாறை நாட்டில் என்றால் பாறை மீண்டும் ஊட்டும். இங்கே பாறை குவார்ட்ஸ், மேல்மண்ணோ கடலுக்குப் போய்விட்டது. ஊட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளிலும் அமில மழை குறைந்தபின் இப்படிக் கால்சியம் வற்றியது. கால்சியத்தால் ஓடு கட்டும் நீர்த்தெள்ளுகள் என்ற மிகச் சிறிய உயிர்கள் அங்கே தடுமாறின. உலோகம் குறைந்ததா என்று மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. கண்காணிப்புப் பட்டியலில் ஈயத்துக்கும் தாமிரத்துக்கும் பக்கத்தில் கால்சியத்தையும் எழுத வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

எதை எவ்வளவு நம்பலாம்

சில இடங்களில் நிதானம் தேவை. ஆர்சனிக் விழுந்த இடத்தில் சும்மா கிடப்பதில்லை. சேற்றுக்குள் பிராணவாயு இல்லாத ஆழத்தில் இரும்போடு கரைந்து, மேலே ஏறி, மேற்பரப்பில் மீண்டும் படியும். ஆகவே மேலடுக்கில் ஆர்சனிக் கூடுதலாக இருந்தால் அது அண்மையில்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஈயம் அப்படி அலைவதில்லை, அதன் அடுக்கை நம்பலாம். ஈயம்-210 வயதுக் கணக்கும் பழைய மண் திடீரென்று கொட்டிய அடுக்குகளில் தடுமாறும். மண்ணோடு வந்த சேற்றில் வானிலிருந்து விழுந்த ஈயம்-210 நீர்த்துப்போயிருக்கும். 1930 என்ற ஆண்டைச் சில ஆண்டுகள் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவை தனித்தனியே பார்த்தால் ஓட்டைகள். ஆனால் ஆறு ஏரிகளும் ஒரே வரிசையில் நிற்பது, காற்றுப் பாதை அதோடு பொருந்துவது, அடிச்சேறு சுத்தமாக இருப்பது, கரித்துகளும் மண்வாழ் டயட்டமும் சேர்ந்தே ஏறுவது என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் ஒரே திசையைக் காட்டும்போது அந்த ஓட்டைகள் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதில்லை.

ஆற்று வழி மாசு தனி வழக்கு, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குயின் ஆறு, அது சேரும் கிங் ஆறு, அப்புறம் மக்வாரி வளைகுடா: இந்த வழியில் 1994 வரை கொட்டப்பட்ட அரைத்த கழிவுச் சேறு சுமார் 9.7 கோடி டன், உலைக் கசடு 14 லட்சம் டன். அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, ஆற்றின் நிறமே மாறியது. ஏரிகளுக்குப் போனது யார் கண்ணிலும் படவில்லை. அதனால்தான் ஆற்றைப் பற்றி அவ்வளவு பேசிய பிறகும் ஏரிகளை எண்ணிப் பார்க்க இத்தனை காலம் ஆயிற்று.

கிடப்பதைக் கிளறாமல்

அடிச்சேற்றைத் தோண்டி எடுப்பது இங்கே தீர்வில்லை. மலை ஏரியில் இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கிளறினால் புதைந்து கிடக்கும் ஈயம் தண்ணீருக்குத் திரும்பும். புதிய சேறு மேலே படிந்து மூடட்டும் என்று விடுவதுதான் ஏற்றது. அதற்குச் சரிவில் மண் நிலையாக நிற்க வேண்டும்.

அந்த மண்தான் இப்போது கவலை. 2016 ஜனவரியில் வறண்ட கோடையில் மின்னல் விழுந்து, டாஸ்மேனியாவின் மத்திய பீடபூமியில் மெக்கன்சி ஏரிப் பக்கம் தீ பரவியது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த பென்சில் பைன் மரங்கள் செத்தன. ஈரமாகவே இருந்து பழகிய கரிமண்ணும் எரிந்தது. கரிமண் எரிந்தால் அது பிடித்துவைத்திருக்கும் எதையும் பிடித்துவைக்க முடியாது. லயல் மலைக்குத் தென்கிழக்கே, 130 கிலோமீட்டர் நீளத்துக்குக் காற்று உலோகத்தை இறக்கிய பாதையிலும் இதே கரிமண்தான். ஏரிகளில் இறங்கிய குழாயை அடுத்து அந்தச் சரிவுகளில் இறக்க வேண்டும். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எத்தனை கிராம் ஈயம் காத்துக் கிடக்கிறது என்று தீ வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.